சிவப்புக் காரை வாங்கப்போறவர்

விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'வாங்கப்போறவர்'கள் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வாங்கினவரை நமக்குத் தெரியும். முகத்தில் லேசான வருத்தத்தோடு நடமாடுவார். விற்றவரையும் தெரியும், அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டார். இந்த இருவருக்கும் நடுவில், "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஆயுள் முழுக்கச் சந்தோஷமாக நின்றுகொண்டிருக்கிற மூன்றாமவர் ஒருவர் உண்டே, அவர்தான் நான் சொல்லும் வாங்கப்போறவர். சிலர் நிலம் வாங்கப்போவார்கள். சிலர் கொடைக்கானலில் வீடு வாங்கப்போவார்கள். சிவகாசியில் லேபிள் அச்சகம் வைத்திருக்கும் காளீஸ்வரன் கார் வாங்கப்போனார்.

அதுவும் எப்பேர்ப்பட்ட கார்! ரெண்டே சீட்டு. கூரையைத் துணிமாதிரி மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுச் சரக்கு. முப்பது வயசு. அதில் கடைசி பன்னிரண்டு வருஷமாக ஓரடிகூட நகராமல், காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி நடத்தி ஓய்ந்த அய்யாதுரையின் வண்டி அது. இல்லை, அவருடைய மகன் ஹரிபிரசாத்தின் வண்டி. அவன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கி, ஒரு வருஷம் ஓட்டி, கனடாவுக்குப் போகும்போது "அப்பா, பத்திரம்" என்று விட்டுவிட்டுப் போனான். அவனும் வரவில்லை, காரும் நகரவில்லை. 'விற்பனைக்கு' என்று அய்யாதுரை ஒரு போட்டோவை வாட்ஸப்பில் அனுப்ப, அது நாலு கைமாறிக் காளீஸ்வரனின் போனில் வந்து விழுந்தது.

காளீஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அச்சகத்தில் அவர் ஒரு புலி. ப்ரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல காட்டிட்டுச் சொல்றேன்" என்று இழுக்கிற ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "அண்ணாச்சி, புஸ்வாணப் பெட்டியில மயிலு பச்சையா இருக்கணுமா நீலமா இருக்கணுமா, அம்புட்டுத்தான கேள்வி? அரை மணி நேரத்துல சொல்லுங்க. மிஷின் காத்துக்கிட்டு நிக்கி" என்பார். அப்படிப்பட்டவர் அந்தப் போட்டோவைப் பார்த்தார். வெளுத்துப்போன அந்தச் சிவப்பில் மெஜந்தா எத்தனை சதவீதம், மஞ்சள் எத்தனை சதவீதம் என்று தொழில் புத்தியில் கணக்குப் போட்டார். அத்தோடு புத்தி அவரிடம் விடைபெற்றுக்கொண்டது.

வாங்கப்போறவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். அவர் அந்தப் பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிவிடுவார். காளீஸ்வரன் முதலில் ஒரு தட்டைத் தொப்பி வாங்கினார். பிறகு ஸ்டியரிங் பிடிக்க விரலில்லாத தோல் கையுறை. பிறகு காருக்குப் பூசும் மெழுகு, ரெண்டு டப்பா. அந்தக் காரைக் கழற்றி மாட்டும் விதம் சொல்லும் புத்தகத்தை இணையத்தில் தேடிப்பிடித்து, நானூற்றுச் சொச்சம் பக்கத்தையும் தன் அச்சகத்திலேயே ஆர்ட் பேப்பரில் அடித்து, கெட்டி அட்டை போட்டு, முகப்பில் தங்க எழுத்தும் பதித்துக்கொண்டார். காரைச் செய்தவர்களே அப்படியொரு பிரதியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கையுறையை என்னவென்று தெரியாமல் அவர் மனைவி பாண்டிலட்சுமி அடுப்பிலிருந்து இட்லிக் கொப்பரையை இறக்க எடுத்தாள். "என்ன கையுறையோ, விரலெல்லாம் சுடுது" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இரண்டாவது அடையாளம், அவர் எல்லோரிடமும் ஆலோசனை கேட்பார். "வாங்குங்க அண்ணாச்சி" என்றால், "வாங்கலாம்தான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்க போறது? எவன் கழட்டி மாட்டுவான்?" என்று அரை மணி நேரம் பயமுறுத்துவார். "வேண்டாம் அண்ணாச்சி" என்றால் முகம் சுண்டிப்போகும். "வண்டியோட அருமை உங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர்ல மழையே கிடையாது, துரு எங்கருந்து வரும்? குளுந்த ஊருல நிக்கிற வண்டிதான் உளுத்துப்போகும்" என்று இன்னொரு அரை மணி நேரம். எந்தப் பக்கம் இழுத்தாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கடைசியில் நடுவில் வந்து நின்றுகொள்வார். நின்றபடியே பெருமூச்சோடு ஒரு வாக்கியம் சொல்வார்.

"எனக்கு ஆசைதான். வீட்டுல விட மாட்டாக."

வீட்டில் கேட்டாரா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

சிவகாசியிலிருந்து காரியாபட்டி பக்கத்து ஊர் இல்லை. இருந்தும் ஆடி தொடங்கி ஆவணி முடிவதற்குள் எட்டு தடவை போய்வந்துவிட்டார். போனதும் காரைச் சுற்றி மூன்று முறை வருவார். கதவைத் திறப்பார், திறக்கிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார், சாத்துவார். அய்யாதுரை கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு, "சொல்றேன் அண்ணாச்சி" என்று கிளம்புவார். ஆறாவது தடவை லாரி மெக்கானிக் மணிமுத்துவைக் கூட்டிப் போனார். அவன் நோட்டம் எதுவும் பார்க்கவில்லை. நேரே காருக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரால் தரைத் தகட்டை ஒரு குத்து குத்தினான். முனை உள்ளே சீட்டுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது.

"மொதலாளி, இது கார் இல்ல. இட்லித் தட்டு" என்றான் கீழே இருந்தபடியே.

"மழையே இல்லாத ஊர்ல எப்படிலே துருப்பிடிக்கும்?"

"மேல பாருங்க. தண்ணித் தொட்டி ஒழுகுது."

பன்னிரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. ஆறு தடவை வந்தவர் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்க வேண்டாமா? ஆனால் காளீஸ்வரன் மனம் தளரவில்லை. உண்மையில் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் இரண்டு மாதம் யோசிக்க விஷயம் கிடைத்துவிட்டதல்லவா?

ஒன்பதாவது தடவைதான் வினை வந்தது. பாண்டிலட்சுமி தானும் வருவேன் என்று புறப்பட்டுவிட்டாள்.

"நீ எதுக்கு? வெயிலு."

"ரெண்டு மாசமா என் புருஷனை எவ புடிச்சு வச்சிருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்றாள். காரைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அச்சகத்து பைண்டர் தங்க எழுத்து பதித்த அன்றைக்கே வந்து சொல்லிவிட்டார்.

காளீஸ்வரனுக்கு ஒருவகையில் இது நல்லதாகவும் பட்டது. இவள் பார்ப்பாள், கோழி எச்சத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள், "இந்தத் தகரத்தையா?" என்பாள். அப்புறம் ஆயுளுக்கும் ஆறாத ஒரு குறையோடு நிம்மதியாக இருக்கலாம். நினைக்கவே இதமாக இருந்தது.

பாண்டிலட்சுமி கொட்டகைக்குள் போனாள். கோழி எச்சத்தைப் பார்த்தாள். பழைய சாக்கு ஒன்றை உதறிச் சீட்டில் விரித்து, டிரைவர் பக்கம் உட்கார்ந்தாள். கார் அவ்வளவு தாழ்வு. தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. சேலையை ஒதுக்கிக் காலை நீட்டினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கொட்டகை வாசல் வழியாகத் தோட்டமும், அதற்கப்பால் வெள்ளைவெளேரென்று சாலையும் தெரிந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிருவம்ங்க" என்றாள்.

"என்னது?"

"வாங்கிருவம்னேன். தரையை வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சுரலாம்னு மணிமுத்து சொன்னானாம்ல? ஓட்ட எனக்கும் சொல்லிக் கொடுங்க."

காளீஸ்வரனுக்கு வியர்த்தது. "ரெண்டு சீட்டுதான இருக்கு, பாண்டி?"

"நம்ம புள்ள அனுப்பிரியா சென்னைக்குப் படிக்கப் போயிட்டா. நாம ரெண்டு பேருதான இருக்கோம்?"

இந்த வார்த்தைக்கு எந்தப் புருஷனிடம் பதில் இருக்கிறது? ஆனால் வாங்கப்போறவருக்குப் பதில் தேவையில்லை, சாக்கு போதும். புரட்டாசி பிறக்கப்போகிறது என்றார். ஆர்.சி. புத்தகம் பெங்களூரில் கிடக்கிறது என்றார். தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, லோடு ஏற்றவே ஆளில்லை என்றார். சிவப்பு நிறம் தன் ராசிக்கு ஆகுமா என்று ஒரு ஜோசியரைக் கேட்கவேண்டும் என்றுகூடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, பாண்டிலட்சுமி ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்தாள். பிறகு இறங்கி, சாக்கை மடித்து, இருந்த இடத்தில் வைத்தாள்.

அய்யாதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "தம்பி, ஒம்பது தடவ வந்திருக்கீக. இந்தப் பன்னெண்டு வருசத்துல எம்மகன்கூட இம்புட்டுத் தடவ வரல. அந்தப் பிரியத்துக்காகத்தான் வேற ஆளுக்குக் காட்டாம வச்சிருந்தேன். இனி வச்சிருக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கும் மோர் கொடுத்தார்.

அடுத்த வாரமே விருதுநகரிலிருந்து ஆர்த்தி என்ற பல் டாக்டர் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாயை விரித்துக் காருக்கடியில் படுத்தாள். டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் பார்த்தாள். "தரைதான் சொத்தை. வேரு நல்லாருக்கு" என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். மறுநாள் இழுவை வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. வேலையை அவள் மணிமுத்துவிடமே கொடுத்தாள்.

சேதி கேட்டுக் காளீஸ்வரன் துடித்துப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். நல்ல தூக்கம். ஏனென்றால், வாங்கப்போறவரின் வாழ்க்கையில் பொற்காலமே இனிமேல்தான்: கைநழுவிப்போன கதையைச் சொல்லும் காலம். சொன்னார். அச்சகத்தில், கல்யாண வீட்டில், எண்ணெய் பரோட்டாக் கடையில், எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் சொன்னார். சொல்லச் சொல்லக் கார் பளபளப்பாகிக்கொண்டே போனது. தரையில் இருந்த ஓட்டை தானாக அடைபட்டது. கதையின் முடிவு மட்டும் மாறவே இல்லை: "எல்லாம் பேசி முடிச்சாச்சு. வீட்டுல ஒரே அழுகை. சரி, பொம்பளை மனசை நோகடிச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்."

தை மாதம் ஒருநாள். தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனி மேனேஜராக இருக்கும் கருத்தப்பாண்டியோடு, நாலுவழிச் சாலை ஓரத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கதை 'ஒரே அழுகை' என்ற இடத்துக்கு வந்திருந்தது. சாத்தூர்ப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. சிவப்பாக, தாழ்வாக, கூரை மடித்த கார் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. ஓட்டியவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்தவளின் தலைமுடி காற்றில் தாறுமாறாகப் பறந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கருத்தப்பாண்டி டம்ளரை இறக்கினார். "அண்ணாச்சி, அது நம்ம மதினி மாதிரில்ல இருக்கு?"

"சேச்சே. அவளுக்குக் காத்தே ஒத்துக்காது" என்றார் காளீஸ்வரன். டீ மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது பாண்டிலட்சுமி கண்ணாடிக்கு முன் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சுலபத்தில் எடுபடுகிற சிக்கு இல்லை அது.

"எங்க போயிருந்த?"

"பல்லு காட்ட விருதுநகர் போனேன். டாக்டரம்மா வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போச்சு. மூணாவது கியருல கொஞ்சம் கரகரங்குது. மத்தபடி நல்லாத்தான் ஓடுது."

"நான்தான் அப்பவே சொன்னேனே, அந்தக் கியர்பாக்ஸ்..."

"டாக்டரம்மா எனக்கு நன்றி சொல்லுச்சுங்க." சீப்பு நின்றது. "'நீங்க அழுது தடுத்ததாலதான்கா வண்டி எனக்குக் கிடைச்சது'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. மணிமுத்து சொன்னானாம். அவன்கிட்ட நீங்க சொன்னீகளாம்."

காளீஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தார். அது தன்பாட்டுக்குச் சுற்றியது.

"நீ என்ன சொன்ன?" என்றார் மெதுவாக.

"ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? எம்புருசன் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரியுதாருன்னா? வாங்காமப் போனதுல எனக்கு வருத்தமில்லங்க. பயமா இருந்தா பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் அந்தச் சீட்டுல உக்காந்து ஆசையா கேட்டேன். என்னையே கொண்டுபோய் உங்க கதையில அழவச்சுட்டீகளே."

அவர் வாயைத் திறந்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு சாக்கும் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றார். "தப்புதான்" என்றார். அவள் மறுபடி சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவருக்குத் தோசை இறங்கவில்லை.

அப்புறம் திருந்திவிட்டாரா என்றால், அவ்வளவு சுலபமாக யார் திருந்துகிறார்கள்? ராஜபாளையத்தில் ஒரு பழைய ஜீப் இப்போது விலைக்கு நிற்கிறது. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டார். ஆனால் போன வாரம் கருத்தப்பாண்டி, "வாங்கிருவீகளா?" என்று கேட்டபோது, "ஆசைதான். வீட்டுல..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, "எனக்கே யோசனையா இருக்கு" என்று முடித்தார். ஒரு மனுஷன் ஒரு வருஷத்தில் இதைவிட வேறென்ன முன்னேற முடியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனில் நாலு மாதமாக அழிக்காமல் ஒரு போட்டோ வைத்திருக்கிறீர்களே, அது நிலமோ, கேமராவோ, மலையடிவாரத்து வீடோ, எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, யார் பேரைச் சொல்லி "விட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் ஒரு தடவை நேராகக் கேட்டுப் பார்க்கலாமே என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எச்சரிக்கை: சரி என்று சொல்லிவிடப் போகிறார்.