முதல் காட்சியில் நான்

தேத்தண்ணி ஊற்றுவதில்லை என்று நான் தீர்மானம் எடுத்து இருபத்தாறு வருடம். கலியாணம் கட்டிய அடுத்த நாள் எடுத்தது. குருநகரில் இந்த அடைக்கலநாதன் குசினிக்குள் கால் வைத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

தவக்காலம் தொடங்க முதல்நாள் என் மனைவி மக்டலீன் அந்தத் தீர்மானத்தில் கை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, நாளையிலை இருந்து நாப்பது நாளும் விடியப் பூசைக்குப் போகப்போறன். காலமைச் சாப்பாட்டையும் மீன் வெட்டுறதையும் நீங்கள் பாருங்கோவன்."

"என்ரை கையாலையோ? நடக்காது."

"சரி" என்றாள். சண்டை பிடிக்காமல் சரி என்றாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் ஒரு நகரத்துக் குடும்பப் படம். பெயர் போட முதலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாரும் மக்டலீன். இப்ப ட்ரோன் பறக்கும். மாடி வீடுகள் தெரியும். பிறகு அலாரம் அடிக்கும்."

அடித்தது.

"இனிப் பெண்சாதி தோய்ஞ்ச தலையோடை கோப்பி கொண்டு வருவாள். புருசன் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டுவான்."

நீட்டினான்.

"எத்தினை வருசமா உதே தொடக்கம். ஒரு ஆம்பிளையைக் குசினிக்குள்ளை காட்டித் தொடங்க ஒரு இயக்குநருக்கும் துணிவில்லை."

"நீங்கள் சொல்லுறது வலு சரி. உதை ஷெரோனிட்டைச் சொல்ல வேணும்."

ஷெரோன் அவளுடைய தமையன் மகள். குறும்படம் எடுக்கிறவள். அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கே வந்து நின்றாள்.

"மாமா, நகரத்துக் கதை ஒண்டு எடுக்கிறன். முதல் காட்சியிலை புருசன் எழும்பி, தேத்தண்ணி ஊத்தி, தேங்காய் திருவி, மீன் வெட்டுறான். ஒருத்தரும் எடுக்காத தொடக்கம். உங்கடை முகந்தான் வேணும்."

கலைக்காகத் தீர்மானத்தைத் தள்ளி வைத்தேன். கலைக்காக மட்டும்.

மக்டலீனின் கைபேசியை அலுமாரித் தட்டில் முதுகு என் பக்கம் தெரிய நிறுத்தி, "தொடாதேங்கோ மாமா, முன்னுக்கு வந்து பாக்கவும் வேண்டாம், காட்சி குழம்பிப்போகும்" என்று சொல்லிவிட்டு ஷெரோன் போனாள். "நானும் காட்சிக்குள்ளை விழக்கூடாதாம்" என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு மக்டலீன் பூசைக்குப் போனாள்.

ஒரு நாளோடு முடியுமென்று நினைத்தேன். அடுத்த நாள், ஷெரோனுக்கு வெளிச்சம் காணாதாம் என்றாள் மக்டலீன். அதற்கடுத்த நாள், முதல்நாள் நான் கட்டினது நீலச் சாரமாம், இன்று பச்சையாம், பொருந்தாதாம். பிறகு தேத்தண்ணி நுரைக்கவில்லையாம். எனக்கா நுரைக்கத் தெரியாது? ஒரு முழம் உயரத்தில் பிடித்து ஆற்றிக் காட்டினேன்.

"சம்பலுக்கு உப்பு ரெண்டுதரம் போட்டனீங்களாம்" என்றாள் மக்டலீன் ஒருநாள். ஒரு இயக்குநருக்கு உப்பில் என்ன வேலை? இருந்தாலும் அடுத்த நாள் ஒருதரம்தான் போட்டேன்.

மூன்றாம் கிழமை ஒரு கிலோ சூடை வந்து சேர்ந்தது. விரல் நீளம்கூட இல்லாத மீன். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி முடித்து, மீசையை ஒதுக்கி, கைபேசியை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன்.

அலுமாரி கதைத்தது.

"அத்தான், சூடையிலை இன்னும் செதில் கிடக்கு."

கைபேசியைத் திருப்பினேன். மக்டலீனின் தங்கை அற்புதராணி, ரொறன்ரோவில் சோபாவில் சாய்ந்து இராச்சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் புருசன் சட்டி கழுவிக்கொண்டு நின்றான்.

"படம் எங்கை?" என்று கத்தினேன்.

"என்ன படம் அத்தான்? பூசையாலை வருமட்டும் உங்களைப் பாத்துக்கொள்ளச் சொல்லி அக்கா நெடுகலும் வீடியோ கோல் எடுத்து வைச்சிட்டுத்தானே போறவ."

எனக்கு உச்சி கொதித்தது. கத்தியைக் கீழே வைத்தேன். வாசலில் மக்டலீன், முக்காட்டோடு.

"இது பச்சை ஏமாத்து. அதுவும் தவக்காலத்திலை" என்றேன்.

"எத்தினை வருசமா உதே தொடக்கமெண்டு நீங்கள்தானே கத்தினனீங்கள். எங்கடை வீட்டிலை மாத்திப்போட்டன். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் நாலு கிழமை கிடக்கு."

கைபேசியை இருந்த தட்டிலேயே திரும்ப நிறுத்திவிட்டு, சூடையின் செதிலை எடுக்கத் தொடங்கினேன்.