திரு இருதயத்துக்குப் பின்னால் எட்டாம் நம்பர் லயம்

மலேசியாவின் குருண் தாமான் குடியிருப்பில் மோரிஸ் அளவுக்குச் சத்தியத்தை மதிக்கிறவர் கிடையாது. எந்த இடத்தில் சத்தியம் செய்தாரோ, அதே இடத்தில்தான் அதை மீறுவார். வேறு இடம் தேடி அலைய மாட்டார்.

கதை இதுதான். மோரிஸ் பையனாக இருந்த காலத்தில் டிவியில் 'எட்டாம் நம்பர் லயம்' என்று, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. பெரிய மீசைக் கங்காணியும், அவனை ஆட்டி வைக்கும் பெண்டாட்டி கனகமும் திரையில் வந்துவிட்டால் எஸ்டேட்டே சோற்றை மறந்து சிரிக்கும். தொடர் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மோரிஸுக்கு மட்டும் முடியவில்லை. அந்தத் தொடரின் போஸ்டர், நடிகர்களின் கலர் அட்டை, கங்காணியின் மீசையை மட்டும் அச்சடித்து விளம்பரத்துக்குக் கொடுத்த அட்டை விசிறி என்று எது கண்ணில் பட்டாலும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

காகிதத்தைத் தேடிக் கரையான் வந்தது. வந்த கரையான் போஸ்டரைத் தொடவில்லை. நேராக அலமாரிக்குப் போய் அவர் மனைவி ஃபெலிசியாவின் கல்யாணப் புடவையைத் தின்றது.

ஃபெலிசியா கத்தவில்லை. அதுதான் மோரிஸுக்குப் பயமாகிவிட்டது. ஹாலில் மாட்டியிருந்த பெரிய திரு இருதயப் படத்துக்கு முன்னால் போய் நின்று, "இயேசுவே, இனிமே ஒரு பழைய காயிதம் இந்த வீட்டு வாசப்படிய தாண்டாது" என்று சத்தியம் செய்தார். இருந்ததையெல்லாம் செமிலிங் ஊர்ப் பக்கிரிசாமி தன் பழைய சாமான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே மோரிஸ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செமிலிங் போய், ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்.

எங்கே ஒளிப்பது? அரிசிப் பானையைத் திறப்பாள். மெத்தையைப் புரட்டுவாள். சாமி படத்துக்குப் பின்னால் எந்தப் பெண்டாட்டி கை விடுவாள்? படம் கனமானது, கழற்றவே வேண்டாம். ஃபெலிசியா துணி காயப்போடும் நேரத்தில் காகிதத்தைப் பக்கவாட்டில் உள்ளே ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், மோரிஸ் உண்மையில் தேடியது ஒரே ஒரு போஸ்டரை. தொடரின் விளம்பரத்துக்காக நடிகர்கள் எஸ்டேட் எஸ்டேட்டாக வந்தபோது, ஒரு மண்டபத்தின் முன்னால் கூட்டத்தோடு எடுத்த படம் அது. அந்தக் கூட்டத்தில் ரெட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி, கையில் ஐஸ் உருகி வழிவதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள்தான் ஃபெலிசியா. மோரிஸ் அவளை முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ் நிலையத்தில் ஒட்டியிருந்த அந்தப் போஸ்டரை அவர் உரிக்கப் போவதற்குள் மழை வந்து கரைத்துவிட்டது. இந்த வருஷக் கல்யாண நாளில் அதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் புடவைப் பாவமும் சத்தியப் பாவமும் சேர்ந்தே கழிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு நாள் சாயங்காலம் ஃபெலிசியா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாங்க, இயேசு முன்னால வராரு."

"எங்க வராரு?"

"முன்ன செவுத்தோட ஒட்டி இருந்தாரு. இப்ப பாருங்க, நம்மள எட்டிப் பாக்கிறாரு."

மோரிஸுக்கு வியர்த்தது. "ஆணி லூசா இருக்கும்லா."

"அப்ப கழட்டி சரி பண்ணுங்க."

"சாமி படம்! சும்மா சும்மா கை வைக்கக் கூடாது!"

"அப்ப நம்மள கூப்பிடுறாருன்னுதான் அர்த்தம். ஏழு மணிக்கு வந்து முட்டி போடுங்க."

தொழிற்சாலையில் இருந்தவரை ஷிஃப்டைச் சொல்லி ஏழு மணி ஜெபத்திலிருந்து தப்பித்தவர் மோரிஸ். ரிட்டையர் ஆன பிறகு அதே ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ குடிப்பார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் முட்டி போட்டார். ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டி ஒரு பத்து சொன்னார்கள்.

அடுத்த விசிறி உள்ளே போனது. படம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. ஜெபம் இரண்டு பத்தாக வளர்ந்தது. கலர் அட்டைகள் போனதும் மூன்று பத்து. பக்கத்து வீட்டு அழகம்மா மாரியம்மன் பக்தை. அவளும் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி குனிஞ்சு கேக்குது ஃபெலிசியா. எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்கே, கூப்பிட்டாகூட திரும்பிப் பாக்காது."

"எது, சாமியா அக்கா?"

"எங்க வூட்டுக்காரரு."

மோரிஸின் முழங்கால் காய்த்துப் போனது. இந்த ரகசியம் வெளியே தெரிவதைவிட முழங்கால் போவது மேல் என்று பொறுத்துக்கொண்டார். கல்யாண நாள் நெருங்கும்போது பக்கிரிசாமி போன் செய்தார்.

"அண்ணே, நீங்க கேட்டது கெடச்சிருச்சு! தஞ்சோங் டாவாய்ல ஒரு மீன்காரர் வூட்டுல இருந்திச்சு. ஒரு கிழிசல் கெடையாது."

மோரிஸ் பறந்தார். போஸ்டரை விரித்தார். ரெட்டைச் சடை, உருகும் ஐஸ், அதே சிரிப்பு. பக்கிரிசாமி பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். மறுநாள் காலை ஃபெலிசியா துணி காயப்போடும்போது அதையும் படத்துக்குப் பின்னால் தள்ளினார்.

கல்யாண நாள் வந்தது. பிரியாணி ஆயிற்று, அழகம்மாவும் வந்துவிட்டாள். மோரிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

"ஃபெலி, ஒனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

படத்தை இரண்டு கையாலும் தூக்கினார். பின்னாலிருந்து சரசரவென்று விழுந்தது. மைலோ பெட்டி அட்டை. சவர்க்காரப் பெட்டி அட்டை. பிஸ்கட் பெட்டி அட்டை. கோயில் காலண்டர், போன வருஷத்தது. போஸ்டரும் இல்லை, விசிறியும் இல்லை.

"என்னாங்க தேடுறீங்க?"

"இல்ல... ஆணி..."

"ஆணியா, கங்காணியா?"

மோரிஸ் படத்தை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபெலிசியா அறைக்குள் போய் ஒரு ஃபிரேமோடு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் போஸ்டர்.

"நீங்க சொருவுன எல்லாத்தயும் அன்னன்னிக்கே எடுத்துட்டேன். பிளாஸ்டிக் உறையில போட்டு, பாச்சை உருண்ட வச்சு, நம்ம மெத்தைக்கு அடியிலதான் இருக்கு. கங்காணி மேலதான் தெனம் கொறட்ட விடுறீங்க."

"அப்ப படம் சாஞ்சது?"

"பொறவு சும்மாவா சாயும்? நாந்தான் அட்ட சொருவுனேன்."

மோரிஸ் போஸ்டரில் சிரிக்கும் பெண்ணைக் காட்டி, "இது நீ" என்று மட்டும் சொன்னார்.

"தெரியும்லா. அவளுக்குப் பின்னால பாருங்க. சைக்கிள புடிச்சிகிட்டு வாய பொளந்து நிக்கிறது யாரு?"

மோரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கூட்டம் முழுக்க நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் ரெட்டைச் சடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை வருஷம் இந்தப் படத்தை நினைத்து ஏங்கியிருக்கிறார், அதில் தானும் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

"இத பாத்துட்டு அன்னிக்கு பூரா அழுதேன்" என்றாள் ஃபெலிசியா. "ஒரு பொடவைக்கு போயி உங்கள சத்தியம் பண்ண வச்சிட்டேனேன்னு."

"அப்ப எதுக்கு அட்டைய சொருவுன? என் முட்டிய பாத்தியா?"

"கல்யாணமானதுலேருந்து ஒண்டியாவே ஜெபம் சொன்னேன். பக்கத்துல நீங்க இருந்தா எனக்கு நல்லா இருந்திச்சு. அதான்."

அழகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மோரிஸ் எழுந்து, ஃபெலிசியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே அட்டையெல்லாம் வேணாம் ஃபெலி. ஏழு மணி ஆனா நானே வந்து முட்டி போடுவேன். சத்தியம்!"

"உங்க சத்தியம்தான?" என்று ஃபெலிசியா சிரித்துக்கொண்டே குனிந்து, விழுந்து கிடந்த அட்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கி, மறுபடியும் படத்துக்குப் பின்னால் சொருகினாள்.