சொல்லமுடியாது அண்ணனும் அரைக் கையும்

மலாக்கா மாநிலத்திலேயே எந்தக் கேள்விக்கும் நேரான பதில் சொல்லாமல் மாதாமாதம் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் சொல்லமுடியாது அண்ணன்தான்.

தொண்ணூறுகளில் செங் என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் ஆபரேட்டர். அவர் கம்ப்யூட்டர் எஞ்சினியர். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டால்கூட, "சொல்ல முடியாதுலா" என்பார். கையிலிருக்கும் வேலைகளோடு அது ஒத்துப்போகுமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கேன்டீனை மூடிவிடுவார்கள்.

கையுறைக்கு அச்சான பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கியபடி வந்து, ரப்பர் பாலில் முங்கி, சூட்டு அடுப்புக்குள் போகும். சங்கிலியை ஓட்டுவது, பால் மட்டத்தை அளப்பது, அடுப்பின் சூட்டைப் பார்ப்பது எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்துக்குள் அது முடித்தாக வேண்டும். சூடு பார்ப்பது தவறினால் ரப்பர் பற்றிக்கொள்ளும். அடுப்பு வாசலில் நின்றவர்கள் சரோஜா அக்காவும் இன்னும் சில பெண்களும்.

வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள் என்றதும் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அதே கம்ப்யூட்டர் திரையில் கலர் கலராகப் படமும் வரைய வேண்டும் என்றார். முடியுமா என்று கேட்டதற்கு அண்ணன் வழக்கமான பதிலைச் சொன்னார். இவ்வளவு வேகமான மிஷினுக்கு என்ன கேடு என்று மேனேஜர் குதித்தார்.

வேகம் வேறு, வேளை தவறாமை வேறு என்று அண்ணன் கேன்டீனில் எங்களிடம் பொரிந்து தள்ளினார். என் தட்டிலேயே, என் மிளகாய்ச் சம்பலைத் தொட்டே படம் போட்டார். மூன்று வேலைகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். பத்து என்றால் முப்பத்தாறு லட்சத்தையும் தாண்டும். எந்த வரிசையில் எல்லாம் நேரத்துக்குள் முடியும் என்று கண்டுபிடிக்க, எப்போதும் பலிக்கும் குறுக்குவழி இதுவரை யாருக்கும் அகப்படவில்லையாம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! எனக்குத்தான் சம்பல் போயிற்று.

வியாபாரிகள் வந்தார்கள். சங்கிலி கடகடவென்று ஓட, திரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு கை முளைத்தது. மூன்று விரல் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மேனேஜர் முகம் கறுத்தது. வியாபாரிகளோ அது ஏதோ புதுமாதிரிக் கையுறை என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

மேனேஜர் அண்ணனை ஓரமாக இழுத்தார். "என்னயா இது, பாதியில நின்னுருச்சு?"

"நான்தான் பாஸ் அப்படி எழுதி வச்சேன். நேரம் பத்தலன்னா படத்த விட்டுட்டு சூட்டப் பாருன்னு. படம் லேட்டா வந்தா பரவால்லலா. அங்க சரோஜாக்கா நிக்கிறாங்க."

அடுப்பிலிருந்து கையுறைகள் வெள்ளை வெளேரென்று வந்துகொண்டே இருந்தன. சரோஜா அக்கா இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து கையுறைகளை உருவிக்கொண்டிருந்தார்.

அந்தத் தீபாவளிக்கு அடுப்பு வாசல் பெண்கள் ஒருவர் விடாமல் அண்ணனை வீட்டுக்கு அழைத்தார்கள். எல்லா வீட்டுக்கும் அவர் லேட்டாகத்தான் போனார். அவர் வரும்வரை எந்த வீட்டிலும் யாரும் சாப்பிட உட்காரவில்லை.