செம்புக்குப் புளி போட்ட கதை

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

அன்புள்ள தங்கை சாந்தாமணிக்கு, அண்ணன் செல்வராஜ் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் எருமையின் சுகமும் அறிய ஆவல். எழுத்து கோணலாக இருந்தால் காகிதத்தைச் சாய்த்துப் படி. மருமகள் பிரீத்தி புண்ணியத்தில் எல்லா எழுத்தும் வந்துவிட்டது. 'ஞ' மட்டும் முரண்டு பிடிக்கிறது. பையன் பேரிலேயே அது இருப்பதால் நானும் விடவில்லை.

விஷயம் இதுதான். ரஞ்சித் ஹாலில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருக்கிறான். போன மாதம் சம்பந்தி சான் ஹோசேயிலிருந்து வந்திருந்தார். உன் அண்ணி தனபாக்கியம் தோசைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்க, நான் பெருமையாகப் பாட்டுப் போட்டால், கூடவே உர்ர் என்று ஓர் இரைச்சல். சம்பந்தி காதைச் சாய்த்து, "ஏனுங்க, பெட்டிக்குள்ள தேனீ வளத்தறீங்களா?" என்றார். அவர் மறுபடி வருவதற்குள் அதை ஒழிக்காவிட்டால் ஆயுசுக்கும் நான் தேனீக்காரன்தான். ஒயர் முனையில் மாட்டும் பின் பழசாகிவிட்டது என்றான் ரஞ்சித். "கோல்டு பிளேட்டட் ஆர்டர் பண்ணலாம்ப்பா, கறுக்கவே கறுக்காது." நான் விடுவேனா? "மேல பூச்சு, உள்ள வேற. அதுக்குப் பேரு கவரிங். கரண்டு அதுல ஏமாறுமாடா?" என்றேன். தனபாக்கியமும் சேர்ந்துகொண்டாள். "தங்கத்தக் கால்லயே போடமாட்டோம். அதப் போயி தரையில, எல்லாரும் தாண்டற எடத்துலயா?" கடைசியில் பூச்சில்லாத செம்புப் பின்னே வந்தது. கொஞ்ச நாளில் கறுத்தும் போனது, இரைச்சலும் போகவில்லை. ரஞ்சித் என்னையே பார்த்தான். குடம் கறுத்தால் தூக்கியா எறிகிறோம்? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். "அப்பா, இது சொம்பு இல்லப்பா" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். கடையில் வாங்கிய மாவில் தோசை, கூடவே பாட்டு. இரைச்சலே இல்லை. "தேனீயெல்லாம் எங்கீங்க?" என்றார். "புளி வெச்சு ஓட்டிட்டனுங்க" என்றேன். பக்குவம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விமானம் ஏறினார்.

ஆகவே மாப்பிள்ளை ஸ்பீக்கர் வாங்கினால் செம்புதான். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கட்டும். தேய்த்த குடம்போல் நீங்கள் எல்லோரும் பளபளவென்று இருக்க ஆசீர்வதிக்கும்,

அண்ணன்
செல்வராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஸ்பீக்கரில் மறுபடி உர்ர். உள்ளே போனால் தனபாக்கியம் கிரைண்டரில் மாவு ஆட்டுகிறாள். நிறுத்தச் சொன்னேன், நின்றது. போடச் சொன்னேன், வந்தது. ரஞ்சித்திடம் சொல்லவில்லை. சம்பந்தி அங்கே புளி ஊறவைத்துவிட்டாராம். இதை ஊரில் ஒருவருக்கும் படித்துக் காட்டாதே. தூரமாகப் பிடித்து, கையெழுத்தை மட்டும் காட்டு.