ஆறாவது முறைப்பாடு

கணக்காய்வு அதிகாரி வந்து சேர இன்னும் சரியாக நாற்பத்தேழு மணித்தியாலம் இருந்தபோது, முறைப்பாட்டுப் பெட்டிப் பூட்டின் திறப்பு காணாமற்போயிருப்பது தெரியவந்தது.

அது அன்று காணாமற்போகவில்லை. பெட்டியை விறாந்தைச் சுவரில் மாட்டிய நாளிலேயே போயிருக்க வேண்டும். இரண்டு வருடமாக யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

"சுலோஜனா, பெட்டி உங்கட பொறுப்பு எண்டுதானே கோவையில எழுதிக் கிடக்கு?" என்றார் நிர்வாக உத்தியோகத்தர் சோமசேகரம்.

"ஓம் சேர். பெட்டி என்ர பொறுப்பு. திறப்பைப் பற்றி அதில ஒண்டும் இல்லை."

"இந்தக் கதையை வியாழக்கிழமை வாற கணக்காய்வு மெடத்திட்டச் சொல்லிப் பாருங்கோ."

தாய்-சேய் போசாக்குப் பொதித் திட்டம் சுலோஜனாவின் கையில் இருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வறிய வீடுகளுக்கு மாதம் ஒரு பொதி. அரிசி, பருப்பு, சோயா, ரின் மீன், எண்ணெய். அவள் வேலைக்கு வந்து மூன்று வருடம் முடிய இன்னும் இருபது நாள் இருந்தது. கணக்காய்வு அறிக்கை சுத்தமாக வந்தால் பதவி உறுதியாகும். வராவிட்டால் ஆகாது. போன வருடம் அப்படி ஆகாமற்போன ஒருவர் இப்போது புல்மோட்டையில் கைத்தொலைபேசி திருத்திக்கொண்டிருந்தார்.

"உடைப்பம்," என்றான் இன்ஷாப். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் சக உத்தியோகத்தன். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு ஸ்குறூ ட்றைவர் இருந்தது.

பெட்டிக்கு மேலே சுலோஜனா முன்னொரு காலத்தில் ஒட்டிய அறிவித்தல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. 'வாய்மூல முறைப்பாடுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. எழுதிப் பெட்டியில் இடவும்.' அதைக் கிழிக்காமல் இன்ஷாப் பூட்டை நெம்பினான்.

உள்ளே ஒரு குளவிக் கூடு இருந்தது. அதன் கீழே, இரண்டு மாரியில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, களிமண்போல் இறுகிய கடதாசிக் கட்டி ஒன்று. சுலோஜனா ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள். நீல மை மட்டும் விரலோடு வந்தது.

சோமசேகரம் பெருமூச்சு விட்டார். "வெறும் பெட்டியைக் காட்டினால், பெட்டி இருக்கிறது சனத்துக்குத் தெரியாது எண்டு எழுதுவினம். இதைக் காட்டினால், ஏன் திறக்கேல்லை எண்டு எழுதுவினம்."

"அப்ப என்ன சேர் செய்யிறது?"

"ஆறு முறைப்பாடு வேணும். சின்னச் சின்னதாய். ஆறுக்கும் நடவடிக்கை எடுத்ததாய் இருக்கோணும். இதை எறியுங்கோ. இராசமலர்!"

இராசமலர் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். அலுவலகத்தின் ஊழியர் பட்டியலில் அவள் இல்லை. இறக்கக்கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கூட்டுவாள், தேத்தண்ணி ஊற்றுவாள், பின்னேரம் போவாள். மாதக் கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கொடுப்பார்கள், மறக்காவிட்டால்.

கடதாசிக் கட்டியை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். "வெயிலில வைச்சால் காயும், மிஸ். பிரிச்சு வாசிக்கலாம்."

"ஆருக்கக்கா நேரம் கிடக்கு? குப்பையில போடுங்கோ."

இராசமலர் போட்டாள்.

மத்தியானம் சோற்றுப் பார்சல்கள் வந்தன. பதற்றத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இன்ஷாப் தன் முட்டையில் பாதியை ஒதுக்கிவைத்தான்.

"இந்தாங்க அக்கா. சின்னிக்கு இண்டைக்கு விருந்து."

சின்னி என்பது இராசமலர் வீட்டு நாய். ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் முதன்முதலாக மிச்சச் சோறு கேட்டபோது, "நாய்க்கா அக்கா?" என்று இன்ஷாப்தான் கேட்டான். அவள் "ஓம்" என்றாள். அடுத்த கிழமை அவன் பெயரையும் கேட்டான். கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னாள்.

"குழம்பு படாத பக்கமாய்த் தாங்கோ தம்பி. சின்னி உறைப்புத் தின்னாது."

"எங்கட வாப்பாவும் இப்படிக் குறை சொல்ற இல்ல," என்றான் இன்ஷாப்.

சுலோஜனா தன் பார்சலையும் தள்ளிவைத்தாள். அவளுக்கும் நாய்க்கும் ஆகாது. எட்டு வயதில் கடிபட்டு ஊசி போட்டவள். நாய் இருக்கும் வீடு என்று தெரிந்தால் வீதியின் மற்றக் கரையால் போவாள்.

பின்னேரம் முறைப்பாடு எழுத உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே அடுத்த சிக்கல் வந்தது. சுலோஜனாவின் கையெழுத்து எல்லாக் கோவைகளிலும் இருந்தது. இன்ஷாபின் எழுத்து அச்சடித்ததுபோல் அழகாக இருந்தது. வயிறு காய்ந்த சனம் இவ்வளவு வடிவாய் எழுதாது என்று சோமசேகரம் அதைக் கிழித்தார்.

"இராசமலர் எழுதட்டும். பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சவ."

சுலோஜனா சொல்லச் சொல்ல இராசமலர் எழுதினாள். பருப்பில் கல் கிடந்தது. எண்ணெய்ப் போத்தல் ஒழுகியது. வரிசையில் நிற்க நிழல் இல்லை. ரின் மீன் நெளிந்திருந்தது. பொதி கட்டிய கயிறு அறுந்துபோயிற்று. ஐந்தோடு சுலோஜனாவின் கற்பனை முடிந்துவிட்டது.

"நான் சொந்தமாய் ஒண்டு எழுதட்டோ, மிஸ்?"

"எழுதுங்கோ, எழுதுங்கோ."

தலை நிமிராமல், ஓரிடத்திலும் நிற்காமல் எழுதினாள். சோமசேகரம் வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"'ஏழு மாதமாக எங்களுக்குப் பொதி வரவில்லை. பெயர் ஏன் வெட்டுப்பட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. இரவில் பிள்ளை பசித்து அழுகிறது.'"

கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட நாடகம் எழுதியவர். "அருமை! இதில உயிர் இருக்கு. கடைசி வசனம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு. மேடைக்குச் சரி, கோவைக்குச் சரிவராது. வெட்டுங்கோ."

இராசமலர் வெட்டினாள்.

சோமசேகரம் முத்திரை குத்திய பிறகுதான் சுலோஜனா அடியில் பார்த்தாள். இராசமலர் தன்னுடைய சொந்தப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதியிருந்தாள்.

"ஐயோ சேர், சொந்தப் பேரைப் போட்டிட்டா!"

"நல்லதாப் போச்சு. கேட்டால் கையோட ஆளைக் காட்டலாம்."

நடவடிக்கைப் பத்தியில் 'பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது, ஏழு மாதப் பொதியும் வழங்கப்பட்டது' என்று எழுதினார்கள். வழங்கியது என்றால் வாங்கியவர் ஒப்பம் வேண்டும். ஏழு பத்திரத்தை வைத்து இராசமலரிடம் பேனாவைக் கொடுத்தார்கள். ஏழிலும் ஒப்பமிட்டாள்.

"பொதி எங்க, மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். இராசமலரும் சிரித்தாள், கடைசியாக.

"இது எழுத்துக்கு மட்டும் அக்கா," என்றாள் சுலோஜனா.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஜெஸ்மின் மெடம் வந்தார். சின்ன உருவம், பெரிய கைப்பை, மடிக்கணினி. தேத்தண்ணி வேண்டாம் என்றார். முதல் ஐந்து முறைப்பாட்டையும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாசித்தார். ஆறாவதில் நின்றார்.

"இந்த வீட்டை நான் பார்க்கணும்."

"ஆளே இங்க இருக்கிறா மெடம், கூப்பிடட்டோ?" என்றார் சோமசேகரம்.

"ஆளை இல்லை. வீட்டை. பொதி உண்மையாப் போய்ச் சேர்ந்திருக்கா என்று பார்க்கத்தானே நான் வந்தது."

இன்ஷாப் அதற்குள் வெளியே போய்விட்டான். களஞ்சியத்திலிருந்து ஒரு பொதியைத் தூக்கி, இராசமலரையும் ஏற்றி, ஓட்டோவில் இறக்கக்கண்டிக்குப் பறந்தான். வழி முழுக்க ஒரே பாட்டு.

"திறந்திடாதீங்க அக்கா. மெடம் போனதும் நான் திருப்பி எடுக்கணும். ஸ்டோர்ல ஒண்டு குறைஞ்சா என்ட வேலை போயிரும்."

"விளங்குது தம்பி."

அலுவலகத்தில் ஜெஸ்மின் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டினார். புருவம் உயர்ந்தது.

"முறைப்பாடு சரிதான். இந்தப் பெயர் பட்டியலில இருந்திருக்கு. ஏழு மாதத்துக்கு முதல் வெட்டியிருக்கு."

சுலோஜனாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

"வீட்டைப் பார்வையிட்ட உத்தியோகத்தர் நீங்கள்தான்," என்று ஜெஸ்மின் வாசித்தார். "கேள்வி பதினேழு, வளர்ப்புப் பிராணி. 'நாய் ஒன்று. சோறு, மீன், முட்டை போடப்படுகிறது. உணவு மிஞ்சும் வீடு.'"

சித்திரை வெயில் சுலோஜனாவுக்கு நினைவு வந்தது. யாருக்கு இன்னும் பொதி தேவை என்று பார்த்து எழுத, ஒரே நாளில் இருபத்தொரு வீடு. இராசமலர் வீட்டுக்கு அவள் போனாள், படலை வரைக்கும். உள்ளே நாய் இருந்தது. எட்டிப் பார்க்காமலே இருப்பது தெரியும், அது தின்னும் சோறு இவள் ஒதுக்கிவைத்ததுதானே? வீதியின் மற்றக் கரைக்குப் போய், தென்னை நிழலில் நின்று, இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதினாள். படிவத்தைக் கொழும்புக்கு அனுப்பினாள். புள்ளி போட்டது கணினி. வெட்டுப்பட்டவர்கள் பட்டியல் வந்தபோது அதைச் சுவரில் ஒட்டினாள். வாசிக்கவில்லை.

"போகலாமா?" என்றார் ஜெஸ்மின்.

இராசமலரின் வீடு ஒற்றை அறை. தகரக் கூரை. வாசலுக்குச் சாக்குத் திரை. முற்றத்தின் நடுவே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், ஊருக்கு வந்த பெரியமனிதர்போலப் பொதி உட்கார்ந்திருந்தது. கட்டு அவிழவில்லை. பக்கத்தில் இன்ஷாப் வியர்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் இன்னும் திறக்கேல்லை?" என்று ஜெஸ்மின் கேட்டார்.

இராசமலர் இன்ஷாபைப் பார்த்தாள்.

"பழைய பொதியே இன்னும் முடியல்ல, மெடம்," என்றான் அவன். சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டான்.

ஜெஸ்மின் எழுதினார். "அப்படியென்றால் முதலில வெட்டினது சரி. திரும்பச் சேர்த்ததுதான் பிழை. ஏழு பொதியின் காசையும் இந்த வீட்டிலிருந்து திருப்பி அறவிடணும்."

"நான் ஒண்டையும்..." என்று தொடங்கினாள் இராசமலர்.

"ஒப்பம் உங்களுடையதுதானே, அம்மா?"

"ஓம்."

ஜெஸ்மின் சுலோஜனாவின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இளகியது. "பயப்படாதீங்க. உங்கட முதல் அறிக்கை சரியென்றால் உங்களில பிழை வராது. சரியாப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றுதான் நான் போடுவேன். ஒரே ஒரு ஆதாரம் வேணும். அந்த நாயை ஒரு படம் எடுத்துத் தாங்க."

வாழ்நாளில் முதன்முறையாகச் சுலோஜனா ஒரு நாயைக் காண ஆசைப்பட்டாள். முற்றத்தைப் பார்த்தாள். கோழிக்கூட்டின் பின்னால் பார்த்தாள். சங்கிலி இல்லை. தட்டு இல்லை. மண்ணில் ஒரு காலடி கூட இல்லை.

"எங்கயக்கா கட்டி வைச்சிருக்கிறியள்?"

இராசமலர் பொதியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருபது நாள், என்று சுலோஜனா நினைத்தாள். தொண்டையைச் செருமினாள். கைத்தொலைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"சின்னி! சின்னி, வா! ஓடி வா!"

சாக்குத் திரை அசைந்தது. சுலோஜனா பழக்கத்தில் இன்ஷாபின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

திரையை விலக்கிக்கொண்டு மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்தது. அழைத்த குரலைத் தேடி, நேராகச் சுலோஜனாவிடம் வந்து நின்றது. அதன் கையில், நேற்றைய சோற்றுப் பார்சல் சுற்றிவந்த லஞ்ச் ஷீற் ஒன்று இருந்தது. நக்கி நக்கி, கண்ணாடிபோலத் துடைத்திருந்தது.

இன்ஷாப் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஜெஸ்மின் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"எங்கட வீட்டில நாய் இல்லை, மிஸ்," என்றாள் இராசமலர். "ஒரு நாளும் இருக்கேல்லை."