இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நிழற்குடை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடி விழுந்தால் சத்தம் போடும். ஐந்து வருடம் சட்டமன்ற உறுப்பினராக இருந்த நான், இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தேன். கட்சியும் அதற்குத் தோதான கட்சிதான். பெரிய அணிகள் இரண்டுக்கும் நடுவில், யாரையும் திட்டாமல், யாரையும் புகழாமல் இருக்கிற கட்சி. தொகுதியில் பலருக்கு அதன் பெயரே நினைவிருக்காது. "கணக்கு டீச்சர் நிக்குத கட்சி" என்றால்தான் தெரியும்.

சட்டசபையில் என் முதல் பேச்சை ஒரு மசோதாவை ஆதரித்து ஆரம்பித்து, எதிர்த்து முடித்தேன். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். (அதைப் பாராட்டு என்று நினைத்து ஊருக்குப் போன் செய்து வேறு சொன்னேன்.)

இப்படிப்பட்ட எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பேருந்து நிழற்குடை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் போகும் பாதையில் மேலப்பண்ணை, கீழப்பண்ணை என்று இரண்டு ஊர்கள். நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு வாழைத்தோட்டம். அந்த வருடம் ஒரு நிழற்குடைக்குத்தான் நிதி இருந்தது. ஒரே நாள் காலையில் இரண்டு ஊரும் மனுவோடு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டன.

மேலப்பண்ணைக்காகப் பேசியவர் வாழையிலை வியாபாரி சுடலைமுத்து அண்ணாச்சி. "எங்க ஆளுக இலைக்கட்டோட வெயில்ல நிக்குதாங்க. கீழப்பண்ணையில கொண்டு வச்சீங்கன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம், பாத்துக்கிடுங்க" என்றார்.

கீழப்பண்ணையிலிருந்து வந்தது களையெடுக்கும் பெண்களைக் கூட்டிப்போகும் பேச்சியம்மாள். "எங்க பிள்ளைக பள்ளிக்கூடம் போவ ரோட்டுல காயுது. மேலப்பண்ணைக்குக் குடுத்துட்டு எங்கூருக்கு ஓட்டு கேட்டு வந்துராதீய டீச்சரம்மா" என்றாள்.

தேர்தலுக்கு ஆறு மாதம்தான் இருந்தது. முந்தின கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு ஊருக்கும் கைகலப்பாகி, போலீஸ் வந்துதான் விலக்கிவிட்டது. ஒரு ஊருக்குக் கொடுத்தால் இன்னொரு ஊரின் ஓட்டு போகும், மண்டையும் உடையும். பயத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

"யாராவது ஒருத்தர்ட்ட இல்லைன்னு சொல்லேன். சொல்லித்தான் பாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அரசியல் தெரியாம பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அரசியல் தெரிந்த நான் மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? டேப்போடு ஆட்களைக் கூட்டிப்போய், இரண்டு ஊருக்கும் சரியான மையப்புள்ளியைக் கண்டுபிடித்தேன். இருபது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா, ஓரடி பிசகவில்லை.

"மேடம், இங்க வீடு வாசல் எதுவும் இல்லையே. பஸ்ஸும் நிக்காதே" என்றார் பொறியாளர்.

"நிழற்குடை வந்துட்டா பஸ் தானா நிக்கும்" என்றேன். அந்தத் தன்னம்பிக்கையை இன்று நினைத்தாலும் எனக்கே என்னை ஓங்கி அறையவேண்டும் போலிருக்கிறது. பஸ் டிப்போவுக்கு ஒரு கடிதம் போடவேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

திறப்பு விழா உச்சி வெயிலில். முதல் பஸ்ஸில் நானே ஏறி ஏரல் போவேன் என்று அறிவித்துவிட்டு, காரை முன்னாலேயே ஏரலுக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர், அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் நடந்து இரண்டு ஊரும் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தன. ரிப்பன் வெட்டினேன். பஸ் வந்தது. பொன்னாடையும் மாலையுமாக நின்று கையை நீட்டினேன். டிரைவர் என்னை அடையாளம் கண்டு, முகமெல்லாம் மலர, ஒரு கையால் வணக்கம் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து அடுத்த பஸ். இந்தத் தடவை இரண்டு கையையும் ஆட்டினேன். கண்டக்டர் படியில் நின்று குனிந்து கும்பிட்டார். (மரியாதை தெரிந்த மனிதர். நிறுத்தத்தான் தெரியவில்லை.) என்னோடு வந்த கட்சிக்காரர்கள் நாலு பேரும் பைய நழுவி, யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் மேலப்பண்ணை, வலது பக்கம் கீழப்பண்ணை, நடுவில் நான். சுடலைமுத்து அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேச்சியம்மாளை நோக்கி நடந்தார். இன்றைக்கு ஒரு உயிர் போனால் அது என் தலையில்தான் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

"ஏளா பேச்சி," என்றார் அண்ணாச்சி. "எங்களுக்குத்தான் குடுக்கல, ஒங்களுக்காவது குடுத்திருக்கலாம்லா?"

"அதத்தான் அண்ணாச்சி நானும் நெனச்சேன். எங்களுக்கு இல்லைன்னா ஒங்க ஊர்லயாவது வச்சிருக்கலாம். இந்தம்மா வாழைக்குல்லா குடை பிடிச்சிருக்கு!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன. கோயில் கொடையில் அடித்துக்கொண்டவர்கள், ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவமானத்தில் செத்துப்போயிருக்க வேண்டும் நான். ஆனால் அப்பாடா என்று வந்த நிம்மதியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மண்டை எதுவும் உடையவில்லை. உடைந்தது என் மரியாதை மட்டும்தான், அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்டதுதான்.

கடைசியில் அண்ணாச்சியின் இலை வண்டியில்தான் ஏரல் போனேன். டிரைவர் பக்கத்தில் அண்ணாச்சி, பின்னால் இலைக்கட்டுகளுக்கு நடுவில் நானும் பேச்சியம்மாளும். "அடுத்த நிழற்குடை எந்த ஊருக்குன்னு நான் யோசிச்சு…" என்று தொடங்கினேன்.

"நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம் டீச்சரம்மா," என்றாள் பேச்சியம்மாள். "நானும் அண்ணாச்சியும் பேசிக்கிடுதோம்."

பேசியும் முடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பதால் முதலில் கீழப்பண்ணைக்கு, அதற்கடுத்தது மேலப்பண்ணைக்கு. பத்து நிமிஷ வேலை. நான் கட்டியதில் இப்போது இலை அறுப்பவர்கள் நிழலுக்கு உட்கார்ந்து கட்டுக் கட்டுகிறார்கள். அந்தத் தேர்தலில் நான் தோற்றேன். இரண்டு ஊரிலும் ஒன்றுபோலத் தோற்றேன், அதில் எந்தப் பாரபட்சமும் இல்லை. முடிவு வந்த அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூத்துக்குடி. மண்டபம் அங்கேதான் வேண்டும் என்றார்கள். நாங்கள் இப்போது இருக்கும் திருநெல்வேலியில்தான் என்று என் வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, தயவுசெஞ்சு நீ முடிவு சொல்லாத," என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அப்புறம் ரெண்டு ஊருக்கும் நடுவுல வல்லநாட்டுக் காட்டுல மானுக்குத்தான் பந்தி வைக்கணும்!"

சம்பந்தியம்மாளுக்குப் பிறந்த ஊர் ஏரல். கதை முழுக்கத் தெரியும் போலிருக்கிறது. முதலில் சிரித்தது அவர்தான். அதே சிரிப்போடு "அவங்க ஊர்லயே வச்சிக்கிடுவோம்" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.