நாலெழுத்து ஏப்ரன்

அன்பு மருமகள் குட்டிம்மாவுக்கு, சலவைக்கடை மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், மழை வந்தால் முனகுகிற பெரிய மெஷினும் ஒருவாறு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைக்கிற பெரிய மனிதரும் நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். வர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மாமா சுற்றி வளைத்தான் என்று பேச்சு வரக்கூடாது. கடையை யார் பார்ப்பது? முழங்கால் வேறு மக்கர் பண்ணுகிறது. பிரசவ வார்டில் ஆம்பளைக்கு, அதுவும் பாஷை தெரியாத கிழவனுக்கு, என்ன வேலை? உங்கம்மா இருந்திருந்தால் நீ கூப்பிடுவதற்கு முன்பே பெட்டி கட்டியிருப்பாள். அக்கா இடத்தில் நான் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிப்பு என்றதும் நீ அனுப்பிய ஏப்ரன் ஞாபகம் வருகிறது. மார்பில் சிவப்பு நூலால், நாலே ஆங்கில எழுத்தில், 'மாமா' என்று தைத்திருந்ததைப் பார்த்ததும், அத்தனை தூரத்திலிருந்து பிள்ளை கூப்பிடுகிறதே என்று உடனே பிரித்து மார்பில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கே கட்டிக்கொண்டு கல்லாவில் நின்றேன். திரைச்சீலையைச் சலவைக்குப் போட வந்த எதிர்வீட்டு மொழிபெயர்ப்பாளர் சிரி சிரி என்று சிரிக்கிறார். உன் ஊர் பாஷையில் அதற்கு அம்மா என்று அர்த்தமாம், அம்மாக்களுக்கென்றே தைத்து விற்கிறார்களாம். எழுத்து ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்றாகிவிடாது, நம்ம மாமா வந்த வழி வேறு, அவர்கள் மாமா வந்த வழி வேறு என்றார். ஜார்ஜிய மொழியில் அதே சொல்லுக்கு அப்பா என்று அர்த்தமாம். ஒரே ஏப்ரனில் குடும்பமே அடங்கிவிட்டது, எனக்கு வாய்க்காத உன் அத்தை ஒருத்திதான் பாக்கி. மொழிபெயர்ப்பாளர் போன பிறகும் நான் ஏப்ரனைக் கழற்றவில்லை.

நம்ம கடை வழக்கம் உனக்குத் தெரியும். துணியில் அடையாளச் சீட்டு இல்லாவிட்டால், அதில் தைத்திருக்கிற எழுத்தைப் பார்த்து உரியவர் மூட்டையில் சேர்த்துவிட வேண்டும். போன வாரம் ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்ட நான் சீட்டுக் குத்தவில்லை. சொந்தத் துணிக்கு எவனாவது குத்துவானா? வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கிற நம்ம வண்டிக்காரர் முன்பு கப்பலில் வேலை பார்த்தவர், நாலு பாஷை அரைகுறையாகத் தெரியும். அம்மா என்று போட்டிருக்கிறதே என்று அதை நம்மிடம் துணி போடுகிற பிரசவ ஆஸ்பத்திரி மூட்டையில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டால், "நீங்க சொன்ன வழக்கம்தானே மொதலாளி" என்கிறார்.

விழுந்தடித்து ஓடினேன். நர்ஸ் வார்டுக்குள் கூட்டிப்போனார். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் பிளாஸ்க்கும் பையுமாக ஒரு கூட்டம். ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் யாருமில்லை. உன் வயசுப் பெண், என் ஏப்ரனைத் தோளில் போர்த்திக்கொண்டு பிள்ளையை வைத்திருந்தாள், ஆஸ்பத்திரி கொடுத்தது என்று நினைத்திருக்கிறாள். நான் வாயெடுப்பதற்குள், "கொஞ்சம் பிள்ளையப் பிடிக்கிறீங்களா? முகம் கழுவிட்டு வந்துடறேன். எனக்குன்னு யாரும் வரல" என்றாள். நர்ஸ் தலையாட்டினார், வாங்கிக்கொண்டேன். நீ பிறந்தபோது உன்னைப் பிடித்திருந்த மாதிரியே கை தானாக வளைந்துகொண்டது. வார்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏப்ரனைக் கேட்க மனசு வரவில்லை, வெறுங்கையோடு திரும்பினேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆகவே நான் வருவதற்கில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. போனில் நான் பேசுவது ஒன்றும் புரியாமலேயே எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற தங்கமான பிள்ளை. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அதை எழுதக்கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

தாயும் பிள்ளையுமாக நீ நூறு வயசு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா.

பி.கு: உறையை ஒட்ட உட்கார்ந்தால் அந்த ஜன்னலோரக் கட்டில்தான் கண்ணில் நிற்கிறது. மேலே எழுதியதில் சாப்பாட்டையும் ஈரத்தலையையும் தவிர மீதியை அடித்துவிடு. கடையை வண்டிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், யார் துணி யாருக்குப் போனாலும் சரி. முழங்காலையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் 'மாமா' என்று எழுதிக் கொடு. அவர்கள் அம்மா என்றுதான் படிப்பார்கள். நீ திருத்தாதே.